மாடல் மைன் ரயில் லேஅவுட்டுக்கு ஸ்டீம் இன்ஜின் வாங்கப் போறீங்களா, இந்த தப்ப பண்ணிராதீங்க

குளச்சல்ல வீட்டு மாடி ரூம்ல நாலடிக்கு ரெண்டடி ப்ளைவுட்ல சின்னதா ஒரு சுரங்க ரயில் மாடல் போட்டுட்டு இருக்கேன் மக்கா, அதுல நான் பட்ட பாட்டுல பாதி இன்ஜின் வாங்குனதுனால வந்ததுதான். படத்துல பாத்து மயங்கி மொதல்ல இன்ஜின வாங்கிட்டு அப்புறம் அதுக்கேத்த மாதிரி தண்டவாளத்த வளைக்கப் பாத்தேன், செருப்புக்காக கால வெட்டுன கததான். ரெண்டடின்னா 610 மில்லி, ஓரம் விட்டா வளைவோட ஆரம் 270 மில்லிய தாண்டாது, ஆனா ஹெச்ஓ அளவுல, அதாவது நெசத்துல 87-ல ஒரு பங்கு, பெரிய இன்ஜின் பலதுக்கு 450 கிட்ட வேணும். அதனால மொதல்ல டேப்ப எடுங்க, பர்ஸ அப்புறம் எடுக்கலாம்.

ஸ்கேலும் கேஜும் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க, ஸ்கேல்னா நெச ரயில எத்தன மடங்கு சின்னதாக்கிருக்குன்றது, கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம். 9 மில்லி தண்டவாளம்னா ‘என்’ ஸ்கேல், 1:160 அப்படின்னு சட்டுனு வாங்கிருவோம், ஆனா அதே 9 மில்லியில ஹெச்ஓஇ இன்ஜினும் ஓடும், அது 1:87. பெருக்கிப் பாருங்க, 783 மில்லி வருது, கிட்டத்தட்ட ரெண்டரை அடி நேரோ கேஜ், சுரங்கத்துக்கு இதுதான் சரி. ரெண்டையும் கலந்தா டிரைவர் பொம்ம கேபினுக்குள்ளயே போவாது.

அப்புறம் ஊட்டி ரயில் ஆச. அந்த எக்ஸ் கிளாஸ் இன்ஜின் மொதல்ல சுவிஸ்ல செஞ்சது, மீட்டர் கேஜ், நடுவுல பல்லுத்தண்டவாளம் புடிச்சு ஏறுறது, சுரங்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. போர்ட்டர், ஓரன்ஸ்டைன் கோப்பல் கம்பெனிக செஞ்ச மாதிரி நாலு சக்கர குட்டி டேங்க் இன்ஜின் பாருங்க, ஏத்தம் ஜாஸ்தின்னா ஷேன்னு ஒரு வக இன்ஜின், அதுல எல்லா சக்கரத்தையும் கியர்தான் திருப்புது. எதுவானாலும் சுரங்க வாய்க்கு வெளியவே ஓட்டுங்க, பொகையும் கேஸும் உள்ள ஆவாதுன்னு பல சுரங்கத்துல உள்ள குதிரையும் கம்பிரஸ்டு ஏர் இன்ஜினும்தான் இழுத்துது.

ஆனா குட்டி இன்ஜினுக்கு ஒரு எளவு இருக்கு, மாடல் பாக்கத்தான் ஸ்டீம், உள்ள மோட்டார்தான், நாலே சக்கரம்தான் தண்டவாளத்துல இருந்து கரண்ட் எடுக்குது, அதுவும் பக்கத்து பக்கத்துல, தண்டவாளம் ரெண்டா பிரியுற பாயிண்ட் நடுவுல பிளாஸ்டிக் துண்டு வந்தா பொசுக்குனு நின்னுரும், பின்ன விரலால தள்ளணும். நாலு சக்கரமும் கரண்ட் பிக்கப் பண்ணுதான்னு கேட்டு வாங்குங்க, பாயிண்ட்ல நடுத்துண்டும் உலோகமா இருக்கட்டும். முடிஞ்சா மெதுவா ஓட்டிப் பாத்துட்டு காசு குடுங்க, சுரங்க இன்ஜின் நடந்து போற வேகத்துல ஊரணும், எலி மாதிரி பாயக்கூடாது.

தண்டவாளம் இரும்புன்னா கடக்காத்துக்கு ரெண்டே மாசத்துல துரு, நிக்கல் சில்வர்தான் வாங்கணும், பேருதான் சில்வர், செம்பும் நிக்கலும் சேந்த கலவ.

கடேசியா என் முட்டாத்தனம். தாது மாதிரி அச்சு அசலா இருக்கேன்னு மணவாளக்குறிச்சி பக்கத்து கறுப்பு மண்ண கொண்டாந்து தண்டவாளத்துக்கு நடுவுல தூவுனேன். அதுல இருக்கது இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் உள்ள தாது, காந்தத்துக்கு லேசா ஒட்டும், இன்ஜினுக்குள்ள மோட்டார் காந்தம் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சு கியரெல்லாம் நறநறன்னு ஆயிப்போச்சு. அந்த மண்ணுல மோனசைட்டும் உண்டு, கதிர்வீச்சு உள்ள தோரியம் அதுல இருக்கு, வீட்டுக்குள்ள கொண்டு வரவே கூடாது பாத்துக்கிடுங்க. இப்ப சிரட்டைக்கரிய இடிச்சு சலிச்சு, பசத்தண்ணி விட்டு ஒட்டி வச்சிருக்கேன், இன்ஜின் பைய பைய ஓடுது.