கோடு எங்கே பருக்க வேண்டும், எங்கே அற்றுப்போக வேண்டும்

பென்சிலில் பாந்தமாக வந்த பனைமரம், மை ஏற்றியதும் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடுகிறதா? உருவத்தில் பெரும்பாலும் தப்பிருக்காது. அடிமரம், ஓலை, பின்னால் தூரத்தில் தெரிகிற வேலி எல்லாவற்றுக்கும் ஒரே தடிமனில் கோடு விழுந்திருக்கும். மை ஓவியத்தில் இருப்பது கறுப்பும் தாளின் வெள்ளையும்தான். வெயில், நிழல், பக்கம், தூரம், பாரம் என்று எதைக் காட்டுவதானாலும் கோட்டின் தடிமனை வைத்துத்தான் காட்டியாக வேண்டும். ஆகவே ஒரு கோட்டைத் தடிக்கவைக்கும் முன், இது ஏன் தடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரவில்லையென்றால் மெல்லியதாகவே விட்டுவிடுங்கள்.

காரணங்கள் அதிகமில்லை. வெயில் படாத பக்கம் தடிக்கும். ஒன்றை ஒன்று மறைக்கிற இடத்தில், முன்னால் இருப்பதன் கோடு தடிக்கும். பாரம் தரையில் இறங்குகிற இடம் தடிக்கும். இரண்டு பரப்புகள் இடுங்கி இருள் தேங்குகிற சந்து தடிக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது, எட்ட இருப்பதைவிடத் தடிக்கும். இவற்றில் இரண்டு முட்டிக்கொண்டால் தூரத்துக்கே முதலிடம். தொலைவிலுள்ள மரத்தின் நிழல் பக்கம் எவ்வளவு இருட்டாகத் தெரிந்தாலும், பக்கத்து மரத்தின் நிழல் கோட்டைவிட மெல்லியதாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரத்து மரம் நடந்து முன்னால் வந்துவிடும்.

தடிமனை மூன்று படியாக வைத்துக்கொண்டால் போதும். மயிர்க்கோடு, நூல்கோடு, ஈர்க்குக்கோடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஏழெட்டுப் படி வைத்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மயிர்க்கோடு ஒரு மடங்கு என்றால் நூல் இரண்டு மடங்கு, ஈர்க்கு நான்கு மடங்கு.

பேனா விஷயத்தில் ஒரு ஏமாற்று உண்டு. ஃபைன்லைனர் என்கிற மெல்லிய நார்முனைப் பேனாவில் 05, 08 என்று போட்டிருக்கும் எண் மில்லிமீட்டர் கணக்காக இருக்க வேண்டுமென்பதில்லை. மைக்ரான் என்கிற பிராண்டுப் பேனாவில் 005 என்பது 0.20 மி.மீ., 01 என்பது 0.25, 03 என்பது 0.35, 05 என்பது 0.45, 08 என்பது 0.50. அதாவது 05-க்கும் 08-க்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றுமில்லை. செட்டாக வாங்குவதைவிட 005, 03 இரண்டும், கூட ஒரு பிரஷ் பேனாவும் வாங்குவது லாபம். ஃபைன்லைனரை அழுத்தினால் கோடு பருக்காது, முனைதான் நசுங்கும். அதில் தடிமன் வேண்டுமென்றால் கோட்டை ஒட்டி இன்னொரு கோடு போட வேண்டும்.

அழுத்தத்துக்கு உடனே பணிவது தொட்டு எழுதும் கட்டைப் பேனாதான். அழுத்தினால் கால் விரியும் ஜி நிப் ஒன்று, அதைச் செருக ஹோல்டர் ஒன்று, நீர்ப்புகா இந்தியன் இங்க் ஒரு புட்டி. புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அப்படியே தொட்டால் மை முத்து முத்தாகத் திரண்டு ஓடும். துணியில் துளி பற்பசை வைத்துத் துடைத்து, கழுவி, ஈரம் போக ஒற்றி எடுங்கள். இந்த மையை ஃபவுண்டன் பேனாவில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள அரக்கு உள்ளே காய்ந்துவிட்டால் பேனாவை மீட்பது கஷ்டம்.

தாள் 200 ஜி.எஸ்.எம்-க்குக் குறையாமல், மேற்பரப்பு வழவழப்பாக இருக்கட்டும். ஜெராக்ஸ் தாளில் மை நாரோடு ஊறிப் பரவும். மயிர்க்கோடு போட்டாலும் நூலாகிவிடும், நம் மூன்று படியும் அங்கேயே குலைந்துவிடும்.

நிப்பை நடுத்துளை நனையும் அளவுக்கு மட்டும் முக்கி, புட்டியின் விளிம்பில் ஒரு பக்கம் வழித்து, கழிவுத்தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்த்த பிறகே ஓவியத்துக்கு வர வேண்டும். பேனா தாளுக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்கட்டும். நம் பக்கம் இழுக்கும்போது அழுத்தலாம். மேல்நோக்கித் தள்ளும்போது அழுத்தினால் நிப்பின் இரண்டு கால்களும் தாளின் நாரில் குத்தி மை தெறிக்கும். ஆகவே கையைத் திருகாமல் தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

கைக்குப் பழக்கம் வர நெல்மணிக் கோடு நல்லது. 5 செ.மீ. நீளம். தொடும்போது மயிர், நடுவில் ஈர்க்கு, முடியும்போது மறுபடி மயிர். ஒரு வரிசைக்கு இருபது, ஒரு நாளைக்கு ஐந்து வரிசை. தொடங்கும் இடத்திலேயே குண்டு விழுந்தால், கை நகரும் முன்னே அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். வேகமும் முக்கியம். கோலமாவை விரலிடையில் விடும்போது கை மெதுவாகப் போனால் கம்பி பருக்கும், விரைந்தால் மெலியும். மையும் அப்படித்தான்.

இனி பனை. ஏ5 தாளில் மரம் 16 செ.மீ. உயரம், அடிமரத்தின் நடுப்பகுதி 1 செ.மீ. அகலம். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் தெற்கு பார்த்து உட்கார்ந்தால் வெயில் இடப்பக்கம் விழும், வலப்பக்கம் முழுக்க நிழல். சித்திரை மாத உச்சிவெயிலில் இந்தப் பக்கபேதம் கிடைக்காது. நிழல் எல்லாம் காலடியில் சுருண்டு கிடக்கும்.

கடினமான 2எச் பென்சிலை மெல்ல ஓட்டி உருவம் பிடித்தபின், முழு மரத்தையும் மயிர்க்கோட்டில் மையேற்றுங்கள். தடிமன் கூட்டுவது எல்லாம் இரண்டாம் சுற்றில். மெல்லிய கோட்டைப் பருக்கவைக்க எப்போதும் முடியும், பருத்ததை இளைக்கவைக்க முடியாது. இடப்பக்கக் கோட்டை நெடுகப் போடாமல் நான்கைந்து இடத்தில் விட்டுவிடுங்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் இடத்தில் விளிம்பு அற்றுப்போனால்தான் மரம் உருண்டையாகத் தெரியும். வலப்பக்கக் கோட்டுக்கு மேலே கழுத்தில் நூல், கீழே வர வர ஈர்க்கு. கூட்டுகிற தடிமன் மரத்துக்கு உள்பக்கமாகவே சேரட்டும். வெளிப்பக்கம் சேர்த்தால் மரம் குண்டாகிவிடும்.

அடிமரத்து வளையங்களில்தான் பலர் சறுக்குவார்கள். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் வளையம் நேர்கோடாகத் தெரியும். அதற்கு மேலே போகப் போக வானவில் போல மேல்நோக்கி வளையும், கீழே தொட்டில் போலத் தாழ்ந்து வளையும். ஒவ்வொன்றையும் நிழல் பக்கத்தில் அழுத்தித் தொடங்கி, பாதி அகலம் வரும்போது கையைத் தூக்கிவிட வேண்டும். வெயில் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் வளையமே கூடாது. இடைவெளியும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. அளந்து போட்டால் மரம் ஸ்பிரிங் ஆகிவிடும்.

ஓலைக்கு வருவோம். ஒரு விசிறியில் எத்தனையோ மடிப்பு இருந்தாலும் ஒன்பது பத்துக் கோடுகளே போதும். மட்டை ஓலையோடு சேரும் இடத்தில் அழுத்தி, நுனியை நோக்கி விசிறி எடுத்தால் ஓலையின் விறைப்பு வந்துவிடும். மேல்நோக்கி நிற்கும் ஓலைக்குத் தாளைத் தலைகீழாகத் திருப்பி, இழுப்பாகவே போடுங்கள். மட்டையின் கருக்குக்கு முழுக் கோடு வேண்டாம், அரிவாள் பல் போலக் குட்டைக் குட்டையாக நாலு அழுத்து. காய்ந்து தொங்கும் காவோலையில் விறைப்பு இருக்காது. கோடு தளர்ந்து, மடிகிற இடத்தில் மட்டும் பருக்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரிரு ஓலைகளின் விளிம்புக்கு மட்டும் ஈர்க்கு. பின்னால் இருப்பவை அதைத் தொடும் முன் அரை மி.மீ. இடைவெளி விட்டு நின்றுவிட வேண்டும். இந்த வெள்ளைச் சந்து ஒன்றே முன்பின்னைக் காட்டிவிடும்.

தரையில் மரம் இறங்கும் இடத்தில் குறுக்குக் கோடு போடாதீர்கள். பருத்த தூரிலிருந்து கிளம்பும் வேர்நுனிகளை நாலைந்து தடித்த குத்துகளாக வைத்து, நிழல் பக்கம் அடர்த்தியாக்கினால் மரம் மண்ணில் ஊன்றி நிற்கும். தேரி எனப்படும் செம்மணல் மேட்டுக்குக் கோடே தேவையில்லை, புள்ளிகள் போதும்.

கல் வேறு ரகம். திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் நிற்கும் கல்மண்டபத்தை வரையும்போது ஸ்கேலை வெளியே எடுக்காதீர்கள். கல்தூணின் முனை தேய்ந்திருக்கும், கோடு விட்டு விட்டுத்தான் வர வேண்டும். தடிமன் சேர வேண்டியது இரண்டு இடத்தில். உத்தரக் கல் தூணின்மேல் உட்காரும் அடிப்பகுதி ஒன்று, கல்லும் கல்லும் சேரும் மூலை இன்னொன்று. மூலையில் ஆப்பு வடிவில் ஒரு சிறு கறுப்பு வைத்து, இணைப்புக்கோட்டை அதிலிருந்து மெலியவிட்டு நடுவில் நிறுத்தலாம். தாமிரபரணித் தண்ணீரைத் தொடும் விளிம்பு ஈர்க்கு. அதற்குக் கீழே பிம்பத்தின் கிடைக்கோடுகள் மெலிந்துகொண்டே போய் ஐந்தாறில் முடியட்டும். தூரத்துக்குப் பயிற்சி வேண்டுமென்றால் அதே ஊரில் 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. முதல் வளைவு ஈர்க்கு, நடுவில் நூல், கடைசியில் மயிர் என்று ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பப் போட அதைவிடத் தோதான இடம் இல்லை. பக்கத்துக் கிருஷ்ணாபுரம் கோயிலிலுள்ள குறத்தி சிற்பத்துக்குப் போவதாக இருந்தால், நகைநட்டு முழுவதும் மயிர்க்கோட்டில் அடங்கட்டும். கை உடம்பை மறைக்கிற இடத்துக்கு மட்டும் ஈர்க்கை மிச்சம் வையுங்கள். நகையைத் தடிக்கவைத்தால் சிற்பம் போய் நகைக்கடை விளம்பரம் வந்துவிடும்.

வேலை நடுவே வரும் கோளாறுகள் சில. கோடு தண்டவாளம் மாதிரி இரண்டாகப் பிளந்து நடுவில் வெள்ளை தெரிந்தால், மை தீர்ந்திருக்கும், அல்லது அழுத்தும் அளவுக்கு மை இறங்காதபடி வேகம் கூடியிருக்கும். மை கெட்டியாகிவிட்டாலும் இதேதான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை இரண்டு மூன்று சொட்டு மையில் விட்டுக் கலக்குங்கள். ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் வேண்டாம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது மை நிப்பிலேயே காய்ந்து மயிர்க்கோடு வராமல் போகும். சுவரை ஒட்டி உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஈரத்துணியில் நிப்பைத் துடைக்க வேண்டும். தாளுக்கு நாலு மூலையிலும் கிளிப். கோடு ரோமம் ரோமமாகத் தெரிந்தால் விரலால் துண்டு துண்டாக இழுக்கிறீர்கள். நீளமான கோட்டுக்கு முழங்கையை அசையுங்கள். வியர்வைக் கைக்கு அடியில் எப்போதும் ஒரு தாள். பென்சில் தடத்தை அழிக்க அரைமணி நேரமாவது பொறுங்கள். அவசரப்பட்டால் மை இழுகும், காய்ந்த மையையும் ரப்பர் கொஞ்சம் வெளுக்கவைக்கும். ஆகவே ஈர்க்குக்கோடுகளின் கடைசிச் சுற்றை அழித்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

அந்தச் சுற்றுக்கு முன் படத்தைச் சுவரில் சாய்த்து, ஆறடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது நீங்கள் காட்ட நினைத்த இடமாக இல்லாவிட்டால், காட்ட நினைத்த அந்த இடத்தில் ஐந்தாறு அழுத்து மட்டும் சேர்க்கலாம். அதற்குமேல் போனால் பழைய ஸ்டிக்கர் திரும்பி வந்துவிடும். முடிந்ததும் நிப்பைக் கழற்றி, கழுவி, உலரத் துடைத்துத் தனியாக வையுங்கள். ஹோல்டரிலேயே ஈரத்தோடு விட்டால் காலையில் துரு ஏறியிருக்கும்.