நடவுக் கூலிக்கு ஒரு வீதி நாடகம்: டெல்டா ஊர்களில் போடும் முறை

வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி. இதைப் பேசும் வீதி நாடகத்துக்கு ஏழெட்டுப் பேர், இரண்டு பறை, நாலு நாற்றுமுடி போதும். இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

வசனம் எழுதுவதற்கு முன் கூலியைக் கேட்டு எழுதுங்கள். நாற்று பறிக்க எவ்வளவு, நடவுக்கு எவ்வளவு, ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் தலைக்கு என்ன தேறுகிறது என்பதெல்லாம் நடவுக்குப் போகும் பெண்களுக்குத்தான் தெரியும். பக்கத்து ஊர்க் கணக்கைச் சொன்னால், "எங்க ஊர்ல அப்படி இல்லையே" என்று ஒருவர் எழுந்துவிடுவார். அதற்குமேல் நாடகம் எடுபடாது. விவரம் தந்தவரின் பெயரோ அடையாளமோ வசனத்தில் வரவே கூடாது; மறுநாள் அவருக்கு வேலை இல்லாமல் போகும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான். இந்த மண்ணில் கூலிப் பேச்சு லேசான விஷயம் இல்லை.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். குறுவை நடவுக்குக் கூலி பேசி முடிப்பதற்குள், வைகாசியிலேயே நாடகம் போட்டுவிட வேண்டும். நடவு தொடங்கிவிட்டால் இரவில் பெண்கள் இடுப்பு வலியோடு படுத்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் திடலெல்லாம் சேறு. இரவு ஏழரை மணி சரியான நேரம்.

இடம்தான் பாதி வேலை. கோயில் வாசலில் போட்டால் காலனிப் பெண்கள் ஒதுங்கி நிற்பார்கள். காலனிக்குள் போட்டால் கூலி கொடுப்பவர் வர மாட்டார். ரேஷன் கடை முன்பு, பள்ளித் திடல் போல எல்லோரும் வந்து போகும் இடத்தைப் பிடியுங்கள். பறையடித்து அழைக்கும்போது ஒரு தெருவையும் விடாதீர்கள். பறையைக் காலனிப் பையன்களிடம் மட்டும் கொடுப்பதும் தப்பு. குழுவில் எல்லோரும் அடிக்கப் பழக வேண்டும். ஊராட்சித் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

பறையை வைக்கோல் தீயில் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தோல் வெடித்துவிடும். பனி இறங்கினால் தொய்யும் என்பதால் தீயை அணைக்காமல், குழந்தைகள் வராத பக்கம் வைத்திருங்கள்.

பதினைந்தடி வட்டம் போதும், மைக் வேண்டாம். நடந்துகொண்டே பேசினால் வார்த்தை பாதி காற்றோடு போய்விடும். நின்று, திரும்பி, சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

நடவுக் காட்சியில் அவசரம் கூடாது. மூன்று பெண்கள் குனிந்தபடி, நாற்றுமுடியைப் பிரித்து, நட்டுக்கொண்டே பின்னால் நகரட்டும். இரண்டு நிமிடம் வசனமே இல்லாமல் பறை மட்டும் மெதுவாகப் போகட்டும். பார்க்கிற பெண்களுக்கு அந்த இடுப்பு வலி தெரியும். ஆண்கள் அன்றுதான் உற்றுப் பார்ப்பார்கள். பிறகு கூட்டத்துக்குள் இருக்கும் நடிகர் ஒருவர், "ஆம்பள சுமை தூக்குறான், அதான் கூட" என்று கேட்கட்டும். எப்படியும் வரப்போகிற கேள்வி அது. நூறு நாள் வேலைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வைத்ததையும், சமவேலைக்குச் சமகூலிச் சட்டம் 1976-லேயே வந்ததையும் பதிலில் சொல்லுங்கள். குடிகாரக் கணவன் வேஷம் வைக்காதீர்கள். சிரிப்பை அவன் வாங்கிக்கொள்வான், கூலி மறந்துபோகும்.

முடிந்ததும் மூட்டை கட்டிவிடாமல் பெண்களோடு உட்காருங்கள். வரும் நடவுக்கு என்ன கூலி கேட்பது என்று அவர்களே பேசட்டும். எல்லாத் தெருப் பெண்களும் அந்த இடத்திலேயே ஒரே தொகைக்கு வர வேண்டும். ஒரு தெரு குறைத்து ஒப்புக்கொண்டால் மற்றத் தெருவுக்கு வேலை கிடைக்காது.