விப்பிள் ஆபரேஷனுக்கு முன்: கசிவு வருமா என்று சிடி ஸ்கேனில் பார்ப்பது எப்படி

விப்பிள் ஆபரேஷனில் கணையத்தின் தலைப்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தைக் குடலோடு தைக்கிறோம். அந்தத் தையல் தாங்குமா, கணைய நீர் கசியுமா என்பதைப் பொறுத்துத்தான் நோயாளியின் அடுத்த இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும். சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கசிவது 100 பேரில் ஏறக்குறைய 10 முதல் 20 பேருக்கு. அவர்கள் யாராக இருக்கலாம் என்று முன்கூட்டியே பெருமளவு சொல்லிவிடலாம். சரியான நேரத்தில் எடுத்த சிடியும், சரியான இடத்தில் வைத்து எடுத்த அளவும் இருந்தால் போதும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மஞ்சள் காமாலையோடு வருகிறவருக்குப் பல நேரம் நடப்பது இதுதான்: முதலில் அல்ட்ராசவுண்ட், அடுத்து ஈஆர்சிபி (வாய்வழி எண்டோஸ்கோப்) செய்து பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழாய், அதன் பிறகு சிடி. இந்த வரிசையை மாற்ற வேண்டும். ஸ்டென்ட் வைத்த பிறகு எடுத்தால் ஸ்டென்டின் நிழலும், ஈஆர்சிபியால் வந்த வீக்கமும் பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். சிடி முதலில், ஸ்டென்ட் பிறகு. குளிர்காய்ச்சலோடு பித்தக்குழாயில் தொற்று ஏறியவருக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது.

சீட்டில் 'வயிறு சிடி' என்று மட்டும் எழுதாதீர்கள். 'கணைய புரோட்டோகால்' (கணையத்துக்கென்றே உள்ள ஸ்கேன் முறை) என்று எழுதுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்த பிறகு ஸ்கேன். குடிக்க வெறும் தண்ணீர், 500 முதல் 750 மி.லி.; படத்தில் வெள்ளையாகத் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் குடிக்கக் கொடுத்தால் சிறுகுடல் பளீரென்று தெரிந்து பக்கத்துத் தமனிகளை மறைக்கும். முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான் (சிரையில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்; பச்சை பெரியது, நீலம் சிறியது) போடுங்கள். புறங்கையில் நீல வென்ஃப்ளான் போட்டால் விநாடிக்கு 4 மி.லி. வேகத்தில் மருந்து ஏறாது. எடை கிலோவுக்கு 1.5 மி.லி. வீதம் கான்ட்ராஸ்ட். ஊசி தொடங்கி 40 – 45 விநாடியில் கணையக் கட்டம் (கணையம் பளிச்சென்று தெரியும் நேரம்), 70 விநாடியில் போர்ட்டல் கட்டம் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை தெரியும் நேரம்); இவற்றுக்கு முன் மருந்தில்லாமல் ஒரு சுற்று. படத்தை 1 மி.மீ. துண்டுகளாகக் கேளுங்கள். 5 மி.மீ. துண்டில் 2 மி.மீ. கணையக் குழாய் கரைந்து போய்விடும். மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்பும்போது ஃபிலிமோடு படங்கள் பதிந்த டிஸ்க்கும் கட்டாயம் போக வேண்டும். ஃபிலிமை வைத்து இந்த அளவுகளை எடுக்க முடியாது.

கணையக் குழாய் எத்தனை மி.மீ.?

அளக்க வேண்டிய இடம் கணையத்தின் கழுத்து, போர்ட்டல் சிரையின் இடது ஓரம். கத்தி விழும் இடம் அது. கட்டியை ஒட்டி வீங்கிய இடத்தில் அளந்து '7 மி.மீ.' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. குழாய் சாய்வாக ஓடினால் குறுக்கே அளக்கும்போது அகலம் கூடித் தெரியும். படத்தைத் திருப்பி, குழாயின் போக்குக்குச் செங்குத்தாக அளவுகோலை வையுங்கள். மண்ணீரல் சிரைக்கும் கணையத்துக்கும் நடுவே இருக்கும் கொழுப்புக் கோட்டைக் குழாய் என்று ஏமாறுவதும் உண்டு. அந்தக் கோடு கணையத்துக்குப் பின்புறம் ஓடும். குழாய் சதைக்குள் ஓடும். எவ்வளவு தேடியும் குழாய் தெரியாவிட்டால் '2 மி.மீ.க்குக் கீழ்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது எம்ஆர்சிபி (கணைய, பித்தக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ) கேளுங்கள்.

கணையம் மிருதுவா, இறுகியதா?

மிருதுவான கணையத்தில் தையல் போடுவது வெண்ணெயில் நூல் இழுப்பது மாதிரி. முடிச்சு இறுகும்போதே நூல் சதையை அறுக்கும். குழாய் மெல்லியதாகவும் இருந்தால் கசிவு ஆபத்து மிக அதிகம்.

மருந்தில்லாத படத்தில் கணையத்தில் மூன்று இடத்திலும் மண்ணீரலில் மூன்று இடத்திலும் சிறு வட்டம் வைத்து ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு (சிடியில் திசுவின் அடர்த்தி எண்) எடுங்கள்; குழாய், ரத்தநாளம், சுண்ணாம்புக் கல் எதுவும் வட்டத்துக்குள் வரக் கூடாது. கணையத்தின் அளவு மண்ணீரலுடையதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், ஓரமும் இலை நறுக்கியது போல மடிப்பு மடிப்பாக இருந்தால், கொழுப்பேறிய மிருதுக் கணையம். அடுத்து இரண்டு கட்டங்களையும் ஒப்பிடுங்கள். கணையக் கட்டத்தில் வெளுப்பு உச்சிக்குப் போய் போர்ட்டல் கட்டத்தில் இறங்கினால் மிருது. மெதுவாக ஏறி, பின்னால்தான் வெளுத்தால் நார் படிந்து இறுகியது. சர்க்கரை நோயோடு கணையக் கல்லும் இருப்பவருக்குக் கணையம் பெரும்பாலும் இறுகியே இருக்கும். கசிவு குறைவு, ஆனால் சிரைகள் ஒட்டியிருப்பதால் ஆபரேஷனில் ரத்தம் அதிகம் போகலாம்.

இரண்டையும் சேர்த்தால் நான்கு வகுப்பு: இறுகியது, 3 மி.மீ.க்கு மேல் – ஏ; இறுகியது, 3 அல்லது குறைவு – பி; மிருது, 3-க்கு மேல் – சி; மிருது, 3 அல்லது குறைவு – டி. 2013-இல் வந்த கசிவு மதிப்பெண்ணில் ரத்தப்போக்கும் திசு முடிவும் தேவை. அவை முன்னால் கிடைக்காது. அதனால் ஆபரேஷனுக்கு முன் இந்த நான்கு வகுப்பே கைகொடுக்கும். கடைசி வார்த்தை, கணையத்தைத் தொட்டுப் பார்க்கும் சர்ஜனின் விரலுக்குத்தான்.

தமனிகளையும் விடாதீர்கள். போர்ட்டல் சிரைக்குப் பின்னால் ஒரு தமனி ஏறினால், அது பெரும்பாலும் மேல் குடல்தமனியிலிருந்து கிளம்பும் வலது கல்லீரல் தமனியாக இருக்கும். தெரியாமல் வெட்டினால் பித்தக்குழாய்த் தையலுக்கு ரத்த ஓட்டம் கிடைக்காமல் அது கசியலாம். பக்கவாட்டுப் படத்தில் சீலியாக் தமனி (கல்லீரல், இரைப்பை, மண்ணீரலுக்கு ரத்தம் தருவது) கொக்கி போல வளைந்து ஒடுங்கியிருந்தால், இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் போகும் காஸ்ட்ரோடியோடினல் தமனியைக் கட்டுவதற்கு முன் கிளிப் போட்டுக் கல்லீரல் தமனியின் துடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசைப் பரப்பையும் பாருங்கள். மேல்நாட்டு வெட்டெல்லையை நம் உடம்புக்கு அப்படியே பொருத்த வேண்டாம். தசை வற்றியிருந்தால், ஆபரேஷனைத் தள்ள முடிந்தால், இரண்டு வாரம் புரதமும் நடையும் கொடுங்கள்.

டி வகுப்பு என்றால், இரவு இரண்டு மணிக்கும் ஆஞ்சியோ செய்து ரத்தம் கொட்டும் தமனியை அடைக்கக்கூடிய இடத்தில்தான் ஆபரேஷன். வயிற்றில் வைத்த வடிகுழாயில் (ட்ரெயின்) வரும் நீரில் முதல் நாளும் மூன்றாம் நாளும் கணைய நொதியான அமைலேஸ் பாருங்கள். மூன்றாம் நாளிலோ பிறகோ ரத்த அமைலேஸின் இயல்பான மேல் எல்லையைப் போல மூன்று மடங்கைத் தாண்டி, அதனால் சிகிச்சையும் மாறினால்தான் அது கசிவு. அளவு மட்டும் ஏறியிருந்தால் அதைச் சர்வதேசக் கணைய அறுவை ஆய்வுக் குழுவின் 2016 திருத்தம் கசிவாகக் கணக்கிடுவதில்லை.

வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: "ஆச்சி, அய்யாவுக்குக் கணையம் ரொம்ப மெத்துன்னு இருக்கு. தையல் போட்ட இடம் கசிய வாய்ப்பு கூடுதல். வீட்டுக்கு வந்தப்புறம் ட்ரெயின்ல கொஞ்சம் சிவப்பா வந்தாலும் காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே கார் எடுத்துக் கிளம்பிருங்க." கசிவு அரித்த தமனி வெடிப்பதற்கு முன் பல நேரம் அந்தச் சிறு சிவப்புதான் முதலில் தெரியும். தேவகோட்டையிலிருந்து மதுரை போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.