மாங்கன்று தேடுபவரை உங்கள் இணையதளத்துக்கு அழைத்துவர கூகுள் விளம்பரம்

போச்சம்பள்ளி பக்கம் சந்தூர் என்றாலே ஒட்டு மாங்கன்றுதான். அங்கே நர்சரி வைத்திருக்கும் எங்கள் மாமாவுக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்தேன். அல்போன்சா, செந்தூரா, மல்கோவா என்று எல்லா ரகமும் போட்டும் ஆள் வரவில்லை. அப்புறம்தான் காசு கட்டி விளம்பரம் கொடுத்தோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, ஆள் வந்து இறங்கும் பக்கம். ‘செந்தூரா கன்று விலை’ என்று காவேரிப்பட்டணத்தில் ஒருவர் தேடி, விளம்பரத்தைத் தொட்டு வருகிறார். அவர் கண்ணில் செந்தூரா கன்றின் படமும் விலையும் போன் நம்பரும் உடனே படவேண்டும். முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் தேடிப் பார்க்க மாட்டார், திரும்பிவிடுவார். அந்தக் கிளிக்குக்கு நீங்கள் காசு கொடுத்தாயிற்று.

அடுத்து கூகுளில் விளம்பரம் கொடுப்பதற்கான தளமான கூகுள் ஆட்ஸில் கணக்கு தொடங்கி, விளம்பர வகையில் ‘சர்ச்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதிலேயே டிஸ்ப்ளே நெட்வொர்க் (வேறு இணையதளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டுவது) டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். தேடி வருபவர் மட்டும் போதும்.

இப்போது இடம். இங்கே நிதானமாக இருங்கள். கிருஷ்ணகிரியை நடுவில் வைத்து 60 கிலோமீட்டர் வட்டம் போட்டால் ஆந்திராவின் குப்பமும் உள்ளே வந்துவிடும். அதனால் கிருஷ்ணகிரி, தருமபுரி என்று மாவட்டப் பெயராகவே கொடுங்கள். அதற்குக் கீழே இன்னொரு அமைப்பு இருக்கிறது: அந்த இடத்தில் ‘இருப்பவர்கள்’ மட்டுமா, அந்த இடத்தில் ‘ஆர்வம் காட்டுபவர்களும்’ சேர்த்தா என்று கேட்கும். நான் இதைக் கவனிக்காமல் இரண்டாவதிலேயே விட்டுவிட்டேன். சென்னையில் உட்கார்ந்து கிருஷ்ணகிரி மாம்பழம் தேடியவர்களுக்கெல்லாம் மாமாவின் காசு போனது. ‘இருப்பவர்கள்’ என்று மாற்றுங்கள்.

தேடல் சொற்களில் ‘மாங்கன்று’ என்று ஒற்றைச் சொல்லாகப் போடாதீர்கள். "ஒட்டு மாங்கன்று விலை", "மாங்கன்று நர்சரி" என்று இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்தால், அந்தப் பொருளில் தேடுபவருக்கே காட்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் நிறைய. அந்த வடிவங்களையும் சேருங்கள். ஊறுகாய், ஜூஸ், கனவு போன்றவற்றை வேண்டாத சொற்கள் (நெகட்டிவ் கீவேர்ட்ஸ்) பட்டியலில் போடுங்கள்; அந்தச் சொற்களோடு தேடினால் விளம்பரம் வராது. ‘மாமரம் கனவில் வந்தால்’ என்று தேடுபவர் கன்று வாங்க வரவில்லை.

விளம்பர வாசகத்தில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்துக்குறிகள்தான் இடம். தமிழில் அது சட்டென்று தீர்ந்துபோகும். ரகம், ஊர், விலை, இந்த மூன்றும் வந்தால் சரி.

பணம்: நாளுக்கு 100 ரூபாய் வைத்துத் தொடங்குங்கள். ஒரு நாளில் 200 வரை போகலாம், பயப்பட வேண்டாம். மாதக் கணக்கில் 3,040ஐத் தாண்டாது (மாதத்துக்கு சராசரியாக 30.4 நாள் என்று கூகுள் கணக்கிடுகிறது). 18% ஜி.எஸ்.டி. உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள். ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு என்ற வரம்பையும் மறக்காமல் போடுங்கள். ஆடியில் நடவுக்கு மழை பார்த்திருக்கும் சமயத்தில் விளம்பரம் ஓடட்டும். கோடையில் நிறுத்தி வைக்கலாம்.

ஓட ஆரம்பித்ததும் இரண்டு நாளுக்கு ஒருமுறை, மக்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்ற அறிக்கையைப் பாருங்கள். சம்பந்தமில்லாத சொல் கண்ணில் பட்டால் அப்போதே வேண்டாத பட்டியலில் தள்ளுங்கள். போன் வந்தால், "எதைப் பார்த்துக் கூப்பிடுறீங்க?" என்று கேளுங்கள். மாமா கன்று ரசீதின் பின்பக்கத்தில் ‘நெட்’ என்று பென்சிலில் குறித்து வைக்கிறார். மாதக் கடைசியில் அந்த ரசீதுகளைத் தனியாக எண்ணி, விளம்பரச் செலவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.