"கோ-அரவுண்ட்" சொல்ல வாயைப் பழக்குங்கள்

முதல்முறையாக விமானத்தின் வலது சீட்டில், அதாவது கோபைலட்டாக, உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோ-அரவுண்ட் என்றால் இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது. அதே சீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தவன் நான். தரையிறங்க வரும்போது, 500 அடி உயரத்தில் ஸ்பீடு 25 நாட் (விமான வேகத்தின் அளவு) கூடுதல். கேப்டனுக்கு என் அப்பா வயது. "ஸ்பீடு சார்" என்றேன். "கரெக்டிங்" என்றார். என் வேலை முடிந்ததென்று நினைத்துக்கொண்டேன். ரன்வே முடிகிற இடத்தில், பிரேக் கொதிக்கக் கொதிக்க நின்றோம். "லேண்டிங் எப்படி?" என்று கேட்டார். "சூப்பர் சார்" என்றேன்.

நம் தொழிலில் இதுதான் பெரிய கோளாறு. தப்பான அப்ரோச்சும் (ரன்வேயை நோக்கி இறங்கி வருவது) பெரும்பாலும் நல்லபடியாகவே தரையைத் தொட்டுவிடுகிறது. "போன தடவையும் சரியாத்தானே வந்துச்சு" என்று மனசு பழகிக்கொள்கிறது. வேகமோ உயரமோ சரியில்லாத "அன்ஸ்டேபிள்" அப்ரோச்களில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றில்தான் விமானிகள் மேலே ஏறிப் போகிறார்கள் என்று ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் சொல்கிறது.

அதனால் கணக்கைச் சீக்கிரமே போடுங்கள். ரன்வேக்கு எத்தனை கடல் மைல் இருக்கிறதோ, அதை 300-ஆல் பெருக்கினால் அங்கே இருக்கவேண்டிய உயரம் வந்துவிடும்: 5 மைல் என்றால் 1,500 அடி. தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் இறங்கும் வேகம் வந்துவிடும்: 140 நாட்டுக்கு நிமிடத்துக்கு 700 அடி. 10 மைலிலேயே "உயரமா இருக்கோம் சார்" என்றால் அது தகவல். அதையே 500 அடியில் சொன்னால் சண்டை மாதிரி கேட்கும்.

முடிவெடுக்கும் உயரம் மேகத்தில் 1,000 அடி, தெளிவான வானில் 500 அடி. அங்கே கியர் (சக்கரங்கள்), ஃபிளாப் (இறக்கையின் மடிப்புத் தகடுகள்), ஸ்பீடு, இறங்கும் வேகம், செக்லிஸ்ட் இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் கோ-அரவுண்ட்தான். "இதோ சரியாயிடும்" என்பதற்கு இடமில்லை.

2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737. வழியில் வெகுநேரம் தூங்கியிருந்த கேப்டன். ரன்வேயை நெருங்கும்போது இருக்கவேண்டிய உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கில் விமானம். கோபைலட் மூன்று முறை "கோ-அரவுண்ட்" சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. சுமார் 8,000 அடி ரன்வேயில் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. ரிவர்சரை (என்ஜின் விசையை முன்பக்கம் திருப்பி விமானத்தை நிறுத்த உதவுவது) திறந்த பிறகு கேப்டன் மறுபடி மேலே ஏறப் பார்த்தார். ரிவர்சர் திறந்துவிட்டால் அந்தப் பேச்சே கூடாது. 158 பேர் இறந்தார்கள்.

ஆக, வாயால் சொல்வது மட்டும் போதாது. இரண்டு முறை சொல்லியும் அசையவில்லையா, "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தை உங்கள் கைக்கு எடுத்துவிடுங்கள். இதற்கான பேச்சை 37,000 அடியில், டீ குடிக்கும்போதே முடித்துவிடுவேன்: "சார், 500-ல சரியில்லைன்னா கோ-அரவுண்ட் சொல்லுவேன், உடனே ஏறிடலாம், சரிதானே?" அந்த நேரத்தில் மாட்டேன் என்று சொன்ன கேப்டனை நான் பார்த்ததில்லை.

அப்புறம், தினமும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். "கோ-அரவுண்ட், ஃபிளாப் 15… பாசிட்டிவ் ரேட், கியர் அப்." நான் ஷேவ் செய்யும்போது சொல்லுவேன். முதல் வாரம் என் மனைவி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.