கோணமானியைக் கடைசியில் எடுங்கள்

நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோணம் நடத்தும்போது முதல் நாள் ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி. கோணமானி கைக்கு வந்துவிட்டால் எண்ணைத்தான் தேடுவார்கள். எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

முதலில் எல்லோரையும் எழுப்பிக் கரும்பலகையைப் பார்த்து நிற்க வையுங்கள். கையை நீட்டியபடி ஒரு முழுச் சுற்று சுற்றட்டும்; அது முழுக்கோணம். முதுகு பலகைப் பக்கம் வந்தால் அரைச் சுற்று, நேர்கோணம். கால் சுற்றோடு நின்றால் செங்கோணம். பாகை, கீகை எல்லாம் அப்புறம்.

அடுத்து விளக்குமாற்றில் உருவிய ஈர்க்குச்சி இரண்டு, சைக்கிள் கடை வால்வு டியூபில் ஒரு சிறு துண்டு. டியூபின் இரு முனையிலும் குச்சிகளைச் செருகினால் நடுவில் மடங்கும். மடங்கும் இடம் உச்சி, குச்சிகள் கைகள். ஒரு பிள்ளைக்கு முழு நீளக் குச்சியும் இன்னொரு பிள்ளைக்குப் பாதியாக ஒடித்த குச்சியும் கொடுத்து, இரண்டையும் ஒரே அளவு விரித்து வைத்து, எது பெரிய கோணம் என்று கேளுங்கள். பலரும் நீளமானதைத்தான் காட்டுவார்கள். உடனே திருத்தாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நீளக் குச்சிகளைக் கத்தரித்துவிட்டு, "இப்போ கோணம் குறைஞ்சுதா?" என்று கேளுங்கள். இதற்கு ஒரு பீரியட் முழுக்கப் போனாலும் போகட்டும்.

செங்கோணத்தைச் சோதிக்க ஒரு தாள் வேண்டும். கிழித்த காலண்டர் தாள் போதும். ஆனால் அதன் ஓரங்களைக் கோணல்மாணலாகக் கிழித்துவிடுங்கள். மூலை ஏற்கெனவே சரியாக இருந்தால் மடிப்பின் மகிமை தெரியாது. ஒருமுறை மடித்து நீவி, அந்த மடிப்புக் கோடு தன்மேலேயே படியும்படி இன்னொருமுறை மடித்தால் கிடைக்கும் மூலை செங்கோணம். அதை வைத்து வகுப்பறையை அளக்கட்டும். தாளின் மூலையைவிடக் குறுகினால் குறுங்கோணம். அதைவிட விரிந்து, நேர்கோட்டை எட்டாமல் நின்றால் விரிகோணம். மூன்று இறக்கை மின்விசிறியில் அடுத்தடுத்த இறக்கைகளுக்கு நடுவே இருப்பது விரிகோணம். 'ட'வில் ஒரு செங்கோணம், 'ப'வில் இரண்டு. அதே 'ட'வைச் சாய்த்து எழுதுங்கள். "சாஞ்சிருச்சு டீச்சர், இப்போ இல்லை" என்று ஒரு குரல் வரும். தாளையும் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

பின்வளைகோணத்தை, அதாவது 180 பாகைக்கு மேல் 360க்குள் இருப்பதை, பெயர் சொல்லித் தாண்டிவிடலாம்.

பாகைக்குக் கடிகாரம் நல்லது. முழுச் சுற்று 360, மணி 12, அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 30. மூன்று மணிக்கு முட்கள் 90. மூன்றரைக்கும் 90தான் என்பார்கள். சின்ன முள்ளும் நகர்ந்திருக்கும், ஆகவே 75. சூட்டிகையான பிள்ளைகளிடம் மட்டும் இதைக் கேளுங்கள்.

இப்போது கோணமானி. அதன் மையப்புள்ளி உச்சியில், அடிக்கோடு ஒரு கையின் மேல். பிளாஸ்டிக்கின் விளிம்பை அடிக்கோடு என்று வைத்துவிடுவார்கள், கோடு பெரும்பாலும் சற்று மேலே இருக்கும். எண் வரிசை இரண்டு என்பதால் ஒரே இடத்தில் 60ம் 120ம் தெரியும். வாசிக்கும் முன் "குறுவா, விரியா?" என்று கேளுங்கள். குறு என்றால் 60, விரி என்றால் 120.