கடலைக்கும் நெல்லுக்கும் தானியங்கிப் பாசனம்: வேலூர்ப் பக்கத்தில் எதை முதலில் மாட்டுவது?

ட்ரோன் பிறகு வரட்டும். குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் கிணற்றுத் தண்ணீர்தான் பயிரின் தலையெழுத்து. அதனால் முதல் செலவு மோட்டார் கொட்டகைக்குப் போகட்டும்.

மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் செல்போன் ஸ்டார்ட்டரை வாங்குவதற்கு முன் கிணற்றைக் கணக்கெடுங்கள். மோட்டாரை ஓடவிட்டால் எத்தனை நிமிடத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்குகிறது, நிறுத்தினால் எத்தனை மணி நேரத்தில் மறுபடி ஊறுகிறது என்று பார்த்து, கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். சித்திரையில் ஒரு கணக்கு, ஐப்பசியில் ஒரு கணக்கு. ஸ்டார்ட்டரில் வைக்கும் ஓடும் நேரமும் ஓய்வு நேரமும் இதிலிருந்துதான் வரவேண்டும்.

அடுத்தது ஆம்பியர், அதாவது மோட்டார் இழுக்கும் கரண்ட் அளவு. தண்ணீர் முழுதாக வரும்போது மூன்று பேஸ் வயரையும் டாங் டெஸ்டரால் (வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) அளக்கவும். மோட்டார் மேல் உள்ள நேம்பிளேட் எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே கம்பிச் சுருளை (காயில்) மறுபடி சுற்றிய மோட்டார் வேறு அளவு இழுக்கும். 8 ஆம்பியர் இழுத்தால், தண்ணீர் இல்லாமல் ஓடும்போது நிறுத்தும் அளவை 5.5 அருகிலும் ஓவர்லோடை (சுமை மிஞ்சினால் நிறுத்தும் அளவு) 9 அருகிலும் வைக்கலாம். முதலாவதை மிகக் குறைத்தால் வெறும் ஓட்டத்தில் மோட்டார் வெந்துவிடும். மிக உயர்த்தினால் நல்ல தண்ணீர் வரும்போதே அடிக்கடி நின்றுபோகும்.

கரண்ட் வந்ததும் ஊரிலுள்ள எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் பேசி, கரண்ட் வந்தபின் கிளம்ப அவர் ஸ்டார்ட்டருக்கு 2 நிமிடத் தாமதம், உங்களுடையதற்கு 4 என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் நுழையாது, ஆன்டெனா வெளியே இருக்கட்டும். சிம் கார்டு ரீசார்ஜ் தீர்ந்தாலும் ஸ்டார்ட்டர் ஊமைதான். ‘மெஷின் கெட்டுப்போச்சு’ என்று வரும் புகார்களில் இதையும் முதலில் பார்க்க வேண்டும்.

இனி மண் ஈர சென்சார். நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழத்தில் ஒன்று, 30-ல் ஒன்று போதும். வரப்போரம், வாய்க்கால் தலைப்பு வேண்டாம். சொட்டுநீர் என்றால் சொட்டுவானிலிருந்து ஒரு சாண் தள்ளி. குழி தோண்டி, அதே மண்ணைச் சேறாகக் குழைத்து சென்சாரைச் சுற்றி அப்புங்கள். காற்று இடைவெளி இருந்தால் ஈரமான மண்ணையும் காய்ந்தது என்று சொல்லும். வயரை எலி கடிக்கும். பிவிசி குழாய்க்குள் விட்டு, களைக்கொத்து படாதபடி குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

சென்சார் காட்டும் சதவீதத்தை அப்படியே நம்பக்கூடாது. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த உப்புத் தண்ணீர் பாயும் நிலங்களில் உப்பே அளவைக் கூட்டிக் காட்டும். எனவே உங்கள் மண்ணுக்கே அளவுகோல் போடுங்கள். நன்றாகப் பாய்ச்சி, செம்மண்ணில் ஒரு நாள் கழித்துக் காட்டும் எண் மேல் அளவு. மண்ணைப் பிடித்தால் உருண்டையாகாமல் உதிர்ந்து, மதியத்தில் இலை துவளத் தொடங்கும்போது காட்டும் எண் கீழ் அளவு. இரண்டுக்கும் நடுவில் வந்ததும் பாய்ச்சுங்கள். பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கும்போதும் அதுவரைகூடக் காத்திருக்காமல் சற்று முன்பே பாய்ச்சிவிடுங்கள்.

நெல்லுக்கு இந்த சென்சார் செலவே வேண்டாம். 30 செ.மீ. நீள பிவிசி குழாயில் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிடுங்கள். நாற்று நட்டு இரண்டு வாரம் கழிந்தபின், குழாயில் தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால் 5 செ.மீ. தேங்கும்வரை பாய்ச்சவும். பூக்கும் முன் ஒரு வாரமும் பின் ஒரு வாரமும் மட்டும் தண்ணீர் தேங்கியே இருக்கட்டும்.

மழை நிலவரம், மானிய விவரத்துக்கு தமிழக அரசின் உழவன் செயலி உண்டு. மண், ரகம் பற்றிய சந்தேகத்துக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. தானாகக் கிளம்பும் மோட்டாருக்கு ஆள் நிற்பது தெரியாது. மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்கும் நாளில் செயலியில் ‘ஆஃப்’ அழுத்தினால் போதாது. மெயினை இறக்கி, மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்ட பிறகே கிணற்றில் இறங்குங்கள்.